பேரனுக்காகக் காத்திருந்த மது

கள் இறக்கிய அன்றே குடிக்கப்படுவது. மறுநாளைக்கு வைத்தால் அது காடியாகிவிடும். நம் நிலத்தின் குடிமரபு பெரும்பாலும் அன்றன்றைக்கு முடிந்துபோவது. ஆனாலும் நாட்பட்ட மதுவின் பெருமையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். நிலத்தில் புதைத்தும் மூங்கிற் குழாயில் அடைத்தும் முதிரவிட்ட தேறலைச் சங்கப் பாடல்கள் குறிப்பிடுகின்றன. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தி மகிழ வேண்டும் என்று வாழ்த்துகிறது புறநானூற்றின் 56ஆம் பாடல். அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த மதுச்சாடிகளின் உடைசல்களில் இத்தாலியில் வனைந்தவையும் உண்டு. ஆகவே இத்தாலிய ஒயினைப் பற்றிப் பேசுவது நமக்கு முற்றிலும் அயலான செய்தி அன்று.

ஆனால் நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது பிற்காலத்து ஒயின் ஒன்றை. செய்தவன் குடிப்பதற்காக அல்லாமல் அவனுடைய மகனும் பேரனும் குடிப்பதற்காகவே செய்யப்பட்டது அது. அதன் பெயர் புருனெல்லோ. அதை உருவாக்கிய குடும்பத்தின் பெயர் பியோந்தி சாந்தி.

சியெனா நகருக்குத் தெற்கே, தோஸ்கானா மாநிலத்தின் ஒரு குன்றின்மேல் அமர்ந்திருக்கிறது மோந்தால்சீனோ என்னும் சிற்றூர். அவ்வூருக்கு விடாப்பிடியின் வரலாறு ஒன்று உண்டு. 1555இல் சியெனா வீழ்ந்தபோது, அங்கிருந்து வெளியேறியோர் மோந்தால்சீனோவில் தஞ்சம் புகுந்து, தங்கள் குடியரசு இன்னும் வாழ்கிறது என்று அறிவித்தனர். 1559 வரை அக்குடியரசு தாக்குப்பிடித்தது. இவ்வூரை ஒட்டிய இல் கிரெப்போ என்னும் பண்ணைதான் நம் கதையின் களம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இப்பண்ணை கிளெமெந்தே சாந்தி என்னும் மருந்தாளரிடம் இருந்தது. 1865ஆம் ஆண்டு அறுவடையில் அவர் செய்த சிவப்பு ஒயின் 1869இல் ஒரு வேளாண் கண்காட்சியில் பரிசு பெற்றது. அதன் பெயரோடு ‘புருனெல்லோ’ என்ற சொல்லும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. கிளெமெந்தேயின் மகள் கதரீனா, பியோந்தி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் மகன் ஃபெருச்சோ தாய்வழிப் பாட்டனின் பண்ணையோடு அவர் குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டான். தந்தை வழியும் தாய் வழியும் இணைந்த இரட்டைப் பெயர் இவ்வாறு பிறந்தது. தோட்டம் ஒரு பெண்ணின் வழியாகக் கைமாறியது என்பதைப் புட்டியின் மேலுள்ள அந்தப் பெயரே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஃபெருச்சோ பதினேழு வயதில் கரிபால்டியின் படையில் சேர்ந்து 1866ஆம் ஆண்டுப் போரில் கலந்துகொண்டவர். ஊர் திரும்பித் தோட்டத்தைப் பார்த்தபோது அவருக்கு வேறொரு போர் காத்திருந்தது. திராட்சைக் கொடியின் வேரை உறிஞ்சி அழிக்கும் ஃபிலோக்செரா என்னும் நுண்பூச்சி ஐரோப்பா முழுவதும் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. எளிதில் விற்றுப் பணமாக்கக்கூடிய ஒயினையே விவசாயிகள் நாடினர். மோந்தால்சீனோவின் பெயர் அன்று மொஸ்கதெல்லோ என்னும் இனிப்பு வெள்ளை ஒயினால்தான் அறியப்பட்டிருந்தது. அண்டையிலுள்ள கியாந்தியிலோ, இத்தாலியின் பிரதமராக இருந்த பெத்தீனோ ரிக்காசோலி 1872இல் எழுதிய கடிதம் ஒன்றில் கலவைக்கு இலக்கணம் வகுத்திருந்தார். சாஞ்சொவேசே என்னும் கருந்திராட்சையின் கடுமையைத் தணிக்கக் கனயோலோவைச் சேர்க்க வேண்டும். விரைவில் குடிக்கும் ஒயினுக்கு வெள்ளைத் திராட்சையையும் சேர்க்கலாம் என்பது அவர் முடிவு.

ஃபெருச்சோ இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தார். தம் தோட்டத்துச் சாஞ்சொவேசேயில் சிறந்த கொடிகளைத் தேர்ந்து பெருக்கினார். வேறு எந்தத் திராட்சையும் சேர்க்காமல், அதன் துவர்ப்பையும் புளிப்பையும் தணிக்கும் வேலையைக் காலத்திடம் விட்டுவிட்டார். பெரிய ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் முதிரவிட்ட பின்னரே அதைப் புட்டியில் அடைத்தார். 1888ஆம் ஆண்டின் ஒயின் அவ்வாறு பிறந்தது. அடுத்த சிறந்த ஆண்டு 1891. இவ்விரு ஆண்டுகளின் புட்டிகளுள் சில இன்றும் இல் கிரெப்போவின் நிலவறையில் உள்ளன. ஃபெருச்சோ 1917இல் இறந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடன் வாங்கித் தோட்டம் நடுபவன் அடுத்த ஆண்டே காசு பார்க்க விரும்புவது இயல்பு. பத்தாண்டு, இருபதாண்டு பொறுத்து இனிக்கும் பொருளைச் செய்ய வேண்டுமென்றால், தனக்குப் பின்னும் அந்த நிலவறைக்கு ஆளிருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். குடும்பம் என்ற அமைப்பு அந்த நம்பிக்கையைத் தந்தது. புருனெல்லோவுக்குத் திராட்சையும் மரப்பீப்பாயும் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை வாரிசும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஃபெருச்சோவின் மகன் தான்கிரேதி ஒயின் நுட்பத்தை முறையாகக் கற்றவர். 1927இல் அவர் தந்தையின் 1888, 1891 புட்டிகளைத் திறந்தார். பல்லாண்டு கிடந்த புட்டியில் தக்கையின் வழியே ஒயின் சிறிது சிறிதாகக் குறையும். குறைந்த இடத்தில் காற்று புகுந்து ஒயினைக் கெடுக்கும். அதைத் தடுக்கத் தான்கிரேதி செய்த முறை இது: ஒவ்வொரு புட்டியையும் திறந்து சுவைத்துப் பார்ப்பார், நலமாக இருப்பதை அதே ஆண்டின் ஒயினைக்கொண்டே கழுத்துவரை நிரப்பிப் புதிய தக்கை இடுவார். நிரப்புவதற்கான ஒயின் அதே ஆண்டின் இன்னொரு புட்டியிலிருந்துதான் வரவேண்டும். சில புட்டிகள் நெடுநாள் வாழ ஒரு புட்டி தன்னை இழக்கும். அந்த ஆண்டு அவர் மகன் பிராங்கோவுக்கு ஐந்து வயது.

1944இல் போர்முனை தோஸ்கானாவைக் கடந்து வடக்கே நகர்ந்தது. படைகள் தங்கிய இடங்களில் நிலவறைகள் காலியாயின. தான்கிரேதியும் பிராங்கோவும் பழைய புட்டிகளை நிலவறையின் ஒரு பகுதியில் அடுக்கி, அதன் முன் சுவர் எழுப்பி மறைத்தனர். சுவருக்குப் பின்னாலிருந்தது விற்பனைச் சரக்கு மட்டுமன்று. ஃபெருச்சோவின் எண்ணம் சரிதான் என்பதற்கு அந்தப் புட்டிகளைத் தவிர வேறு சான்று அக்குடும்பத்திடம் இருக்கவில்லை. 1970இல் தான்கிரேதி மீண்டும் அதே நிரப்புதலை நடத்தினார். எழுத்தாளர் மாரியோ சொல்தாத்தியும் ஒயின் விமரிசகர் லூயிஜி வெரொனெல்லியும் சாட்சிகளாக நின்றனர். அந்த ஆண்டே தான்கிரேதி காலமானார்.

வெளியுலகம் இந்த ஒயினை அறிந்தது ஒரு விருந்தினால். 1969இல் இத்தாலியக் குடியரசுத் தலைவர் ஜூசெப்பே சரகாத் பிரிட்டனுக்கு அரசுமுறைப் பயணம் சென்றார். இலண்டனிலுள்ள இத்தாலியத் தூதரகத்தில் எலிசபெத் அரசிக்கு அவர் அளித்த இரவு விருந்தில் 1955ஆம் ஆண்டின் பியோந்தி சாந்தி பரிமாறப்பட்டது. அன்று அது பதினான்கு வயது ஒயின். இத்தாலிய ஒயின் என்றால் வைக்கோல் சுற்றிய குண்டுப் புட்டி என்று எண்ணியிருந்தவர்கள் புருனெல்லோ என்ற பெயரைக் கேட்டனர். அதே 1955ஐ, முப்பது ஆண்டுகள் கழித்து, 1999இல் அமெரிக்க ஒயின் இதழொன்று நூற்றாண்டின் தலைசிறந்த பன்னிரண்டு ஒயின்களுள் ஒன்றாகத் தேர்ந்தது.

உணவு மேசையில் இது எப்படிப்பட்டது? நம் அறுசுவைக் கணக்கில் சொன்னால் இது துவர்ப்பும் புளிப்பும் ஆளும் பானம். இளம் புருனெல்லோவைத் தனியே அருந்தினால், பாக்கை மென்றாற்போல் நாக்கு வறளும். கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவோடு சேரும்போது அத்துவர்ப்பு தணிந்துவிடும். கரியில் வாட்டிய மாட்டிறைச்சித் துண்டம், காட்டுப்பன்றிக் குழம்பு, செம்மறியாட்டுப் பாலின் பெக்கொரீனோ பாலாடைக்கட்டி, கையால் திரித்த தடித்த பீச்சி என்னும் மாவிழை ஆகியவை மோந்தால்சீனோவின் மேசைக்குரியவை. இந்த உணவுகளோடு சேர்ந்தே இவ்வொயினின் இலக்கணம் உருவாயிற்று எனலாம்.

பரிமாறுவதிலும் ஒரு வரிசை உண்டு. பிராங்கோவின் காலத்தில் இளங்கொடிகளின் கனி ‘ரோஸோ’வுக்கும், பத்து வயது கடந்த கொடிகளின் கனி ஆண்டு ஒயினுக்கும், இருபத்தைந்து வயது கடந்தவற்றின் கனி, அதுவும் மிகச் சிறந்த ஆண்டுகளில் மட்டும், ‘ரிசேர்வா’வுக்கும் சென்றன. இளையதில் தொடங்கி மூத்ததில் முடிவது விருந்தின் முறை. முதிர்ந்த ஒயினின் நிறம் செங்கல்லை நோக்கி வெளிறியிருக்கும். செர்ரிப் பழ வாசனை பின்னே சென்று, உலர்ந்த இலை, புகையிலை, தோல் ஆகியவற்றின் மணம் முன்னே வரும். புளிப்பு மட்டும் விடாமல் நிற்கும். அந்தப் புளிப்பே இவ்வொயினைப் பல பத்தாண்டுகள் தாங்கி நிறுத்துகிறது. விருந்துக்கு எட்டு மணி நேரம் முன்பே புட்டியைத் திறந்து, சிறிதளவு ஊற்றிக் குறைத்துவிட்டுக் காற்றாட வைக்குமாறு பிராங்கோ அறிவுறுத்துவார். இரவு உணவுக்கான வேலை காலையிலேயே தொடங்கிவிடும்.

குடும்பம் என்று நாம் இதுவரை பேசியது பெயர் பொறித்த குடும்பத்தை. தோஸ்கானாவின் குன்றுகளில் நூற்றாண்டுகளாக உழைத்தவர்கள் வாரக் குடிகள். விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்கு, பாதி உழுதவனுக்கு என்ற அம்முறை நம் வாரச் சாகுபடியை ஒத்தது. 1964ஆம் ஆண்டின் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. அதற்கு முன்பிருந்தே குடிகள் நகரங்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கொடி கவாத்து செய்த அக்குடும்பங்களின் பெயர் எந்தப் புட்டியிலும் இல்லை. பொறுமைக்கு நிலமும் வேண்டும் என்பதை இவ்வரலாற்றைப் படிப்போர் மறந்துவிடலாகாது.

தந்தைக்குப் பின் பொறுப்பேற்ற பிராங்கோ நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பண்ணையை நடத்தினார். 1980இல் இத்தாலியின் மிக உயர்ந்த சட்டத் தகுதி புருனெல்லோவுக்குக் கிடைத்தது. முன்பு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே செய்த ஒயினை இன்று இருநூறுக்கும் மேற்பட்டோர் செய்கின்றனர். கருநிறமும் கனிச்சுவையும் மிக்க, சிறு பீப்பாயின் இனிய மணம் ஏறிய ஒயின்களை 1990களின் சந்தை விரும்பியது. பிராங்கோ அசையவில்லை. அவர் மகன் யாகோப்போ அக்காலத்தில் தெற்கே மாரெம்மாவின் மோந்தெபோ கோட்டையில் தனித்தோட்டம் அமைத்தார். பிரெஞ்சுத் திராட்சைகளையும் சிறு பீப்பாய்களையும் ஏற்று வேறு ஒயின்களைச் செய்தார். மரபைக் காத்த குடும்பத்துக்குள்ளேயே மரபு பற்றிய வழக்கு எழுந்தது. மகனின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஃபெருச்சோவும் ஊர் வழக்கத்தை உடைத்துத்தானே தொடங்கினார்?

2008இல் சில தயாரிப்பாளர்கள் புருனெல்லோவில் வேறு திராட்சை கலந்ததாக விசாரணை எழுந்தது. விதியையே தளர்த்திவிடலாம் என்ற பேச்சும் வந்தது. பிராங்கோ அதை வெளிப்படையாக எதிர்த்தார். அவ்வாண்டு அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில், சாஞ்சொவேசே மட்டுமே என்ற விதி பெரும்பான்மையால் நிலைத்தது. 1888இல் ஒருவருடைய பிடிவாதமாக இருந்தது 120 ஆண்டுகளில் ஊரின் சட்டமாகியிருந்தது.

பிராங்கோ 2013 ஏப்ரலில், 91ஆம் வயதில் மறைந்தார். 2016இன் இறுதியில் பண்ணையின் பெரும்பங்கு இ.பி.ஐ. என்னும் பிரெஞ்சு நிறுவனத்திடம் சென்றது. அந்நிறுவனமும் ஒரு குடும்பத்தின் உடைமையே. வாரிசுகளின் பொறுமையால் விளைந்த மதிப்பே, வாரிசுகள் தாங்கிக்கொள்ள இயலாத விலையாக வளர்ந்துவிடுவது உண்டு. ஐரோப்பாவின் பழைய ஒயின் பண்ணைகள் பலவற்றுக்கும் நேர்ந்தது இது. பெயரும் தோட்டமும் பழைய புட்டிகளும் இல் கிரெப்போவிலேயே இருக்கின்றன. யாகோப்போவின் கிளை மோந்தெபோவில் ஒயின் செய்துவருகிறது.

பிராங்கோ மேற்பார்த்த கடைசி அறுவடை 2012ஆம் ஆண்டினுடையது. அந்த ஆண்டின் ரிசேர்வா, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், பண்ணை கைமாறிய பின்னரே வெளிவந்தது. பிராங்கோ அதை முதிர்ந்த நிலையில் சுவைக்கவில்லை. அது நன்றாக முதிர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அதைக் காத்து, குறைந்தால் நிரப்பி, தக்கை மாற்றப்போகும் கைகள் வேறு குடும்பத்தின் கைகளாக இருக்கும். அந்தக் கைகளும் காத்திருக்குமா என்பதை 2040களில் அந்தப் புட்டியைத் திறப்பவர்கள்தாம் சொல்ல முடியும்.