ஒரு பிட் புரண்டால்... ஈ.சி.சி. மெமரி பிறந்த கதை

கம்ப்யூட்டர் மெமரியில் இருப்பதெல்லாம் 0-வும் 1-ம்தான். ஒவ்வொன்றும் ஒரு 'பிட்'. 00000101 என்றால் 5. இடது ஓரத்தில் உள்ள ஒரே ஒரு 0 மட்டும் 1 ஆகப் புரண்டால் அதுவே 133! இப்படிப் புரளும் பிட்டைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே சர்வர்களிலும் வொர்க்ஸ்டேஷன்களிலும் போடுவதுதான் ஈ.சி.சி. மெமரி. இதன் வேர் ஒரு கணிதவியலாளரின் எரிச்சலில் இருக்கிறது.

1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் வேலை பார்த்தார். அங்கிருந்த ரிலே கம்ப்யூட்டர் அவருக்கு வார இறுதியில்தான் கிடைக்கும். தவறு நேர்ந்தால் அந்த இயந்திரத்துக்குத் தெரியும்; திருத்தத்தான் தெரியாது. வார நாட்களில் ஆட்கள் வந்து சரி செய்வார்கள். வார இறுதியில் ஆளில்லாததால் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வாரம் ஹாமிங்கின் வேலை வீணானது. தவறு இருப்பதைக் கண்டுபிடிக்கிற இயந்திரத்தால், அது இருக்கும் இடத்தை ஏன் கண்டுபிடிக்க முடியாது என்று யோசித்தார். இடம் தெரிந்தால் போதுமே, 0-வை 1 ஆக்கலாம், 1-ஐ 0 ஆக்கலாம்!

விடை 1950-ல் கட்டுரையாக வெளிவந்தது. 4 பிட் தகவலோடு 3 சோதனை பிட்டுகள். ஒவ்வொரு சோதனை பிட்டும் தன் குழுவில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கிறதா என்று காவல் காக்கும். குழுக்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால், எந்தெந்தக் குழுவில் கணக்கு உதைக்கிறது என்று பார்த்தாலே தவறிய பிட் எது என்று தெரிந்துவிடும். 1961-ல் வந்த ஐ.பி.எம். ஸ்ட்ரெட்ச் கம்ப்யூட்டரில் 64 பிட்டுக்கு 8 சோதனை பிட்டுகள் இருந்தன. ஒரு தவறைத் திருத்தும்; இரண்டு தவறு நேர்ந்தால் எச்சரிக்கும்.

ஆனாலும் எல்லோரும் இதைப் பின்பற்றவில்லை. 1976-ல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துக்குச் சோதனைக்குப் போன முதல் க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டரில் தவறைத் திருத்தும் வசதி கிடையாது. ஆறு மாதத்தில் 152 மெமரி தவறுகள்! அடுத்து வந்த க்ரே-1-களில் அந்த 8 பிட்டுகளும் சேர்ந்துகொண்டன.

பிட் ஏன் தானாகப் புரள்கிறது? 1978-ல் இன்டெலைச் சேர்ந்த மே, வுட்ஸ் இருவரும் ஒரு காரணத்தைக் காட்டினார்கள். சிப்பை மூடும் உறையில் துளியூண்டு கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் ஆல்பா துகள்களை வீசுகின்றன, அவையே பிட்டைப் புரட்டுகின்றன என்றார்கள். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதைச் செய்யும் என்று 1979-ல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

பாடம் அத்தோடு முடியவில்லை. 2003-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1,100 ஆப்பிள் ஜி5 கம்ப்யூட்டர்களை இணைத்து உலகின் மூன்றாவது வேகமான கம்ப்யூட்டரை உருவாக்கியது. அவற்றில் ஈ.சி.சி. இல்லை. அடுத்த ஆண்டே ஈ.சி.சி. உள்ள எக்ஸ்சர்வ்களை வாங்கி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. கூகுள் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மெமரி மாட்யூல்களில் தவறு பதிவானது தெரியவந்தது.

கம்ப்யூட்டர் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். தப்பான விடையைச் சரியான விடை போலக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அந்த 8 பிட்டுகளுக்குக் கொடுக்கும் விலை, அந்தச் சந்தேகம் இல்லாமல் இருப்பதற்குத்தான்.