பலாங்கொடைக் கல்லும் புல்மோட்டை மண்ணும்

புல்மோட்டை மண்ணைப் பற்றிக் கதைச்சால் எங்கட பக்கத்தில் இரண்டு சொல் கட்டாயம் வரும்: இல்மனைட், கப்பல். மூன்றாவதாகவும் ஒரு சொல் அடிபடும்: தோரியம். அந்தக் கறுப்பு மண்ணில் சிறிதளவு கலந்திருக்கிற மொனசைட்டுக்குள் அது இருக்கிறது. "அதில அணுகுண்டு செய்யலாமாம்" என்பார் ஒருத்தர். "தங்கத்தை விட விலையாம்" என்பார் இன்னொருத்தர். இந்த 'ஆம்' கதைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தோரியத்துக்கும் எங்கட தீவுக்கும் உள்ள உண்மையான வரலாற்றைப் பார்ப்போம்.

அது தொடங்குவது புல்மோட்டையில் இல்லை, சப்ரகமுவவில். கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் ஆனந்த குமாரசுவாமியைச் சிவ நடனம் பற்றி எழுதியவராகத்தான் அறிகிறோம். ஆனால் 1877இல் கொழும்பில், சேர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த அவர் படித்தது புவிச்சரிதவியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுக்குத் தலைவராகவும் இருந்தார். அந்தக் காலத்தில்தான் பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கச் சரளைக்குள் கிடந்த பாரமான கறுப்புக் கல் ஒன்று கவனத்துக்கு வந்தது. இலண்டன் இம்பீரியல் நிறுவனத்தில் விண்டம் டன்ஸ்டன் அதைப் பகுத்துப் பார்த்தார். பெரும்பங்கு தோரியம் ஒட்சைட்டு. 1904இல் அதற்குத் 'தோரியனைட்' என்று பெயர் வந்தது. கல் இங்கே, பெயர் அங்கே.

அதே ஆண்டு ஒட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர் இலண்டனுக்கு வந்தார். ஆங்கிலம் பழகி, ஊருக்குத் திரும்பி, இரசாயனக் கம்பனியில் வேலை எடுப்பதுதான் அவருடைய எண்ணம். பேராசிரியர் வில்லியம் ராம்சே அவரிடம் கொஞ்சம் பேரியம் உப்பைக் கொடுத்து, அதிலிருந்து ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். அந்த உப்பு இலங்கைத் தோரியனைட்டிலிருந்து எடுத்தது. ரேடியத்தைத் தேடிப் போன ஹானுக்கு 1905இல் கிடைத்தது வேறொரு கதிரியக்கப் பொருள், 'ரேடியோதோரியம்'. இன்றைக்கு அதைத் தோரியம்-228 என்கிறோம். கம்பனி வேலையை மறந்துவிட்டு ஹான் கதிரியக்கத்தோடேயே நின்றுவிட்டார்.

1938 டிசம்பரில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூத்திரனால் தாக்கியபோது பேரியம் கிடைத்தது. ஏன் என்று ஹானுக்கு விளங்கவில்லை. பல வருடம் அவரோடு வேலை செய்து, நாசிகளால் நாட்டை விட்டு ஓட வேண்டிவந்த லீசா மைட்னரும், அவருடைய சகோதரியின் மகன் ஒட்டோ ஃபிரிஷும்தான் விளக்கினார்கள்: பெரிய கரு தண்ணீர்த் துளி மாதிரி நீண்டு, இடுங்கி, இரண்டாகப் பிளக்கிறது. ஆனால் 1944க்கான நோபல் பரிசு ஹானுக்கு மட்டும். இலங்கைக் கல் இல்லாவிட்டால் கருப்பிளவே தெரிந்திருக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. ஹான் இந்தத் துறைக்குள் நுழைந்த வாசல் அந்தக் கல் என்பது மட்டும் உண்மை.

இப்போது தோரியம் திரும்பவும் பேசப்படுகிறது, வேறு காரணத்துக்காக. ஒரு கருவை அடுத்த சக்திநிலைக்கு ஏற்ற வழமையாக ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான இலத்திரன்வோல்ட் வேண்டும். தோரியம்-229க்கு ஏறத்தாழ 8.4 போதும். லேசர் ஒளியே அதைச் செய்துவிடும். 2024இல் ஜேர்மன், ஒஸ்திரிய ஆய்வாளர்களும் பிறகு அமெரிக்க ஆய்வாளர்களும் இதைச் செய்தும் காட்டினார்கள். இதை வைத்து இன்றைய அணுக் கடிகாரத்தை விடத் துல்லியமான 'கருக் கடிகாரம்' செய்யலாம் என்பது நம்பிக்கை.

ஏன் இவ்வளவு சின்ன இடைவெளி? தராசின் இரண்டு தட்டிலும் ஒவ்வொரு லொறி மண் என்று நினையுங்கள். ஒன்று மின்விசையின் பங்கு, மற்றது கருவிசையின் பங்கு. இரண்டும் கிட்டத்தட்டச் சமனாகி, மிச்சம் ஒரு பிடி மண்தான். ஒரு தட்டில் இன்னொரு பிடி கூடினால் லொறிக்கு அது தெரியாது, மிச்சத்துக்கோ இரண்டு மடங்கு. அதனால் மின்விசையின் வலிமை காலப்போக்கில் மிகச் சிறிதளவு மாறினாலும் இந்தக் கடிகாரம் காட்டிக்கொடுக்கும் என்று 2006இல் விக்டர் ஃபிளம்பாவும் என்ற கோட்பாட்டாளர் சொன்னார்.

ஒன்றைச் சரியாகச் சொல்லவேண்டும். புல்மோட்டை மண்ணில் இருப்பது தோரியம்-232. அதன் அரைவாழ்வு 1,400 கோடி ஆண்டு. 229ஐ மண்ணிலிருந்து அள்ள ஏலாது. உலையில் தோரியம்-232 யுரேனியம்-233 ஆகி, அது சிதைந்துதான் 229 வரும்.

229இன் கரு அந்த நிலையிலிருந்து இறங்கும்போது விடுகிற ஒளியை முதலில் பதிவுசெய்தது ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடம், 2023இல். அதே சேர்னில் 2004இலிருந்து இந்தியா கொடுத்த நடராசர் சிலை நிற்கிறது. அதன் பலகையில் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் உண்டு, சிவ நடனத்தைப் பற்றி எழுதியவராக.

கல்லைப் படித்தவரும் சிலையைப் படித்தவரும் ஒரே ஆள். எங்கட பாடத்திட்டம்தான் அவரைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைக் கலைப்பீடத்துக்குக் கொடுத்து, மற்றப் பாதியைத் தொலைத்துவிட்டது. புல்மோட்டையில் மண் ஏற்றுகிற ஊர்ப் பிள்ளைக்கு அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பாடமாவது தமிழில் இருக்கவேண்டும். இல்லையெண்டால், 1904இல் போலவே, மண் இங்கேயும் பெயர் அங்கேயுமாகத்தான் இருக்கும்.