தமக்கையும் தங்கையும் தைத்த போர்வை

திருகோணமலையிலே ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஒருவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சார்ள்ஸ் ஒஸ்டின் என்பது அவர் பெயர். 1852ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7ஆம் திகதி, பர்மாவின் ஐராவதி நதியிலே, கப்பலில் இருந்தபடியே வாந்திபேதியால் அவர் உயிர் நீத்தார். தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், ஈழத்து மண்ணே அவருக்கு இறுதி உறைவிடமாயிற்று.

இந்தத் தளபதி, இளமையில், பகைக்கப்பலைக் கைப்பற்றியதற்கு வெகுமதியாகத் தமக்குக் கிடைத்த பணத்தைக் கொண்டு செய்த காரியம் என்ன தெரியுமா? 1801ஆம் ஆண்டில், தம் அக்காமார் இருவருக்கும் பொற்சங்கிலியும் புஷ்பராகக் கற்கள் பதித்த சிலுவையும் வாங்கி அனுப்பினார். அவ்விருவருள் இளையவரே ஆங்கில நாவலுலகிற் புகழ்பூத்த ஜேன் ஒஸ்டின். மூத்தவர் கசாந்திரா. தங்கையின் புகழை உலகம் அறியும்; அந்தத் தங்கையை இழந்த பின் 28 ஆண்டுகள் வாழ்ந்த தமக்கையின் கதையை அறிந்தோர் சிலரே.

இங்கிலாந்தின் ஹாம்ஷயர் மாகாணத்திலுள்ள ஸ்டீவன்டன் என்னுஞ் சிற்றூரிலே, வாழ்ந்த திருச்சபைக் குரு ஒருவருக்கு எட்டுப் பிள்ளைகள். அறுவர் ஆண்கள்; பெண்கள் இருவரே. கசாந்திரா 1773ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஜேன் 1775ஆம் ஆண்டு டிசெம்பரிலும் பிறந்தனர். ஒருத்தியின் தலையை வெட்டுவதாயின் மற்றவளும் தன் தலையைக் கொடுக்க முன்வருவாள் என்று தாயார் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். கசாந்திராவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மணமகன் 1797இல் மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சட் காய்ச்சலுக்கு இரையானார். அதன்பின் அவர் மணம் புரியவில்லை. ஜேனும் மணமாகாமலே வாழ்ந்தார். 1805இல் தந்தையார் மறைந்தார். 1809இல், வசதி படைத்த சகோதரர் ஒருவர் சோட்டன் என்னும் ஊரிலே கொடுத்த வீட்டில், தாயும் மகள்மார் இருவரும், மார்த்தா லொயிட் என்ற தோழியும் குடிபுகுந்தனர். சகோதரிகள் இருவருக்கும் ஒரே படுக்கையறை.

அக்காலத்துக் குடும்பப் பெண்களுக்குக் கைவேலை என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. சகோதரர்களின் சட்டைகளைத் தைப்பதும், ஏழைகளுக்கு உடை தைத்துக் கொடுப்பதும், பழைய உடையைப் புதுப்பிப்பதும் அன்றாடக் கடமைகள். ஜேன் எழுத்திலே வல்லவராயிருந்தது போலவே ஊசியிலும் வல்லவராயிருந்தார் என்று, அவர் மருமகன் 1869இல் வெளியிட்ட வாழ்க்கை நினைவுகள் கூறுகின்றன. 1792ஆம் ஆண்டு, வேற்றூருக்குக் குடிபெயர்ந்த தோழி ஒருத்திக்கு, நுண்ணிய ஊசிகளும் மெல்லிய நூலும் அடங்கிய சிறு தையற்பையொன்றைத் தம் கையாலேயே செய்து, அதனுள்ளே குட்டிக் கவிதை ஒன்றையும் வைத்துக் கொடுத்தார் அவர். அப்பை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் புத்தம் புதிதாகவே இருந்ததாம்.

கைவேலையும் கதைவேலையும் அவரிடத்தில் ஒன்றையொன்று தழுவியே நடந்தன. நெருப்பின் அருகே அமைதியாகத் தைத்துக்கொண்டிருப்பார். திடீரெனத் தமக்குள்ளே சிரிப்பார். எழுந்தோடி மேசையில் ஏதோ எழுதுவார். மீண்டும் வந்து தையலைத் தொடருவார். இவ்வாறு மருமகள் ஒருத்தி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தாள். அவருடைய ‘எம்மா’ நாவலில், வறிய மூதாட்டி ஒருத்தி கதகதப்பான மூலையிலே பின்னல்வேலையுடன் அமர்ந்திருக்கிறாள். ‘பெர்சுவேஷன்’ நாவலில், நோயால் முடங்கிய விதவை ஒருத்தி, கையை அசைக்க முடிந்தவுடனே தாதியிடம் பின்னல் கற்று, சிறு பொருள்கள் செய்து, அவற்றால் தன்னிலும் வறியோருக்கு உதவுகிறாள். இந்நூலை 1816இல் எழுதி முடித்தபோது ஜேனின் உடல்நலமே குன்றத் தொடங்கியிருந்தது என்பது கருதத்தக்கது.

சகோதரிகள் சேர்ந்து செய்த வேலைகளுள் ஒன்று இன்றும் சோட்டன் இல்லத்திலே பேணப்படுகிறது. அது துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த பெரிய போர்வை. ஜேன், கசாந்திரா, தாயார் ஆகிய மூவரும் சேர்ந்து தைத்தது அது என்பது குடும்ப மரபு. நடுவிலே பூக்கூடை, அதைச் சூழச் சாய்சதுர வடிவில் வெட்டிய பூப்போட்ட சீத்தைத் துணிகள், அவற்றுக்கிடையே புள்ளித் துணியாலான வரம்பு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிச் சென்ற சீத்தையின் மீது ஐரோப்பியர் கொண்ட மோகமே அங்கே அத்தகைய அச்சுத்துணித் தொழிலை வளர்த்தது. சகோதரிகளின் சொந்த அத்தையும் 1753இல் நம் கடலுக்கு எதிர்க்கரையிலுள்ள கடலூரிலே மணம் புரிந்தவரே.

1811ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி, வெளியூர் சென்றிருந்த தமக்கைக்கு எழுதிய கடிதத்தில், போர்வைக்கு வேண்டிய துணித்துண்டுகளைச் சேகரிக்க நினைவிருக்கிறதா என்றும், துண்டுகள் இன்றி வேலை நின்றுபோயிற்று என்றும் ஜேன் கேட்கிறார். அவ்வாண்டு ஒக்டோபரிலேதான் அவருடைய முதல் நாவல், ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்ற குறிப்புடன், பெயரின்றி வெளிவந்தது. நாவல் அச்சாகிக்கொண்டிருந்த காலத்திலும் துண்டுத்துணிக்காகத் தமக்கையை எதிர்பார்த்திருந்தார் தங்கை.

1817ஆம் ஆண்டு மே மாதத்தில், நோய் முற்றிய ஜேனை வைத்தியத்திற்காக வின்செஸ்டர் நகருக்குக் கூட்டிச் சென்றார் கசாந்திரா. ஜூலை 18ஆம் திகதி அதிகாலையில், தமக்கை தாங்கிய தலையணையிலே தலைசாய்த்தபடி, 41ஆவது வயதில் ஜேன் கண்மூடினார். இறுதி ஊர்வலத்தில் கசாந்திரா கலந்துகொள்ளவில்லை. அக்கால வழக்கம் அவ்வாறு. அந்தச் சிறிய ஊர்வலம் தெருவின் நீளத்தைக் கடந்து மறையும்வரை வீட்டிலிருந்தே பார்த்து நின்றார். தம் வாழ்வின் ஒளியே போயிற்று என்ற கருத்துப்பட மருமகளுக்கு எழுதினார்.

பத்து நாட்களின் பின்னர், ஜேனின் நெருங்கிய சிநேகிதியாகிய முன்னாள் ஆசிரியை ஒருவருக்கு நினைவுப் பொருள்கள் அனுப்பவேண்டியிருந்தது. கசாந்திரா தேர்ந்தெடுத்தவை மூன்று: தங்கையின் கூந்தற் சுருள், அவள் அணிந்த ஒரு சோடிக் கொளுவி, நாடா கோக்கும் சிறிய ஊசி. அந்த ஊசியை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஜேன் ஓயாது பயன்படுத்தினார் என்பதையும் குறித்து அனுப்பினார். விலை சிறிதுமற்ற பொருள். ஆயினும் தங்கையின் விரற்சூடு இருபது ஆண்டுகள் படிந்த பொருள்.

தாயார் 1827இல் மறைந்தார். தோழி மார்த்தாவும் அடுத்த ஆண்டு மணமாகிச் சென்றார். கசாந்திரா சோட்டனிலேயே தங்கினார். முதுமையிலே, தங்கை எழுதிய கடிதங்களைப் படித்துப் பார்த்து அவற்றுட் பெரும்பகுதியைத் தீயிலிட்டார். இன்று எஞ்சியுள்ள ஜேனின் கடிதங்கள் ஏறக்குறைய 160 மாத்திரமே. ஆராய்ச்சியாளர் பலர் இதற்காக அவரை நொந்துகொள்வர். ஆனால் அக்கடிதங்கள் உலகத்திற்கு எழுதப்பட்டவையல்ல. தமக்கை ஒருத்திக்கு எழுதப்பட்டவை. அவற்றைக் காக்கவும் அழிக்கவும் உரிமையுடையவர் அவர் ஒருவரே. 1845ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் திகதி, 72ஆவது வயதில், கசாந்திராவும் மறைந்தார்.

கடிதங்கள் சாம்பலாயின, போர்வை எஞ்சியது. அதன் தையல்களுள் எது தமக்கையுடையது, எது தங்கையுடையது, எது தாயுடையது என்று எவராலும் பிரித்துக் காட்ட இயலாது. ஒரே விளக்கொளியில், ஒரே மேசையைச் சுற்றியிருந்து, பேசியும் சிரித்தும் தைத்தவர்களின் கைகள் அங்கே ஒன்றாகிவிட்டன. பின்னலூசியும் குறோசே ஊசியும் கொண்டு அக்காளும் தங்கையும் ஒரே திண்ணையிலிருந்து வேலை செய்த வீடுகள் நம் நாட்டிலும் பல. இருவருள் ஒருவர் மறைந்த பின், பெட்டியின் அடியில் மடித்து வைத்த பாதி முடிந்த பின்னலை எடுத்துப் பார்த்தவர்களுக்குக் கசாந்திரா அந்தச் சிற்றூசியை ஏன் பொக்கிஷமாகப் போற்றினார் என்று எடுத்துரைக்க வேண்டியதில்லை.