இங்கிலாந்தில் அரசாங்கப் பங்குக் கடனை அடைக்க வீட்டு மதிப்பீடு: இங்குள்ள பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மருத்துவர், தாதி, கணக்காளர், பொறியாளர் என்று மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இங்கிலாந்துக்குச் சென்று, அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்ட தமிழர்கள் பலர். அவர்களில் சிலர் 'ஹெல்ப் டு பை' எனப்படும் அரசாங்கப் பங்குக் கடன் திட்டத்தின் வழி புது வீடு வாங்கினர். 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய இத்திட்டம் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் முடிந்தது. புதிதாக யாரும் சேர முடியாது. ஆனால் வாங்கியவர்களின் கடன் நிற்கிறது. வட்டியில்லாத முதல் 5 ஆண்டுகள் பெரும்பாலோருக்கு முடிந்துவிட்டதால், "அப்பா, கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமா?" என்ற கேள்வி இங்குள்ள வீடுகளுக்கும் வருகிறது.

எவ்வளவு பணம் வேண்டும் என்பதை அந்தக் கடன் பத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடைக்க வேண்டிய தொகையை முடிவு செய்வது வீட்டின் இன்றைய மதிப்பு. ஆகவே மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வரும் முன் ஊழியர் சேமநிதியிலிருந்தோ நிரந்தர வைப்புத் தொகையிலிருந்தோ பணத்தை எடுப்பது அவசரப்பட்ட செயலாகும்.

பெயர் கடன், கணக்கு பங்கு

நம் ஊர் வங்கியில் 200,000 ரிங்கிட் வீட்டுக் கடன் வாங்கினால், வீட்டின் விலை ஏறினாலும் இறங்கினாலும் வங்கிக்குச் சேர வேண்டியது அந்தக் கடனும் அதன் வட்டியும்தான். இங்கிலாந்தின் பங்குக் கடன் அப்படியல்ல. வீட்டு விலையில் ஒரு விழுக்காட்டை அரசாங்கம் கொடுத்தது. திரும்பக் கேட்பதும் அதே விழுக்காடு. ஆனால் அதை இன்றைய மதிப்பில் கணக்கிட்டுக் கேட்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. வீட்டின் விலை 250,000 பவுண்ட். வாங்கியவர் கையிலிருந்து போட்டது 5 விழுக்காடு, அதாவது 12,500 பவுண்ட். வங்கி கொடுத்தது 75 விழுக்காடு, 187,500 பவுண்ட். அரசாங்கம் கொடுத்தது 20 விழுக்காடு, 50,000 பவுண்ட்.

இன்று அந்த வீட்டின் மதிப்பு 300,000 பவுண்ட் என்றால், அரசாங்கத்திற்குச் சேர வேண்டியது 60,000 பவுண்ட். மதிப்பு 230,000 பவுண்டாக இறங்கியிருந்தால் 46,000 பவுண்ட் போதும். மதிப்பீட்டில் ஒவ்வொரு 10,000 பவுண்ட் மாற்றமும் கடனை 2,000 பவுண்ட் கூட்டும் அல்லது குறைக்கும்.

லண்டனில் இந்த மாற்றம் இன்னும் பெரிது. 2016ஆம் ஆண்டு முதல் அங்கு 40 விழுக்காடு வரை கடன் கொடுக்கப்பட்டது. 400,000 பவுண்ட் வீட்டுக்கு 160,000 பவுண்ட் வாங்கியவர், மதிப்பு 450,000 பவுண்டாக இருந்தால் 180,000 பவுண்ட் அடைக்க வேண்டும்.

மாதாமாதம் கட்டுவது முதலைக் குறைக்காது

"ஆறாம் ஆண்டிலிருந்து கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம், கடன் குறைந்திருக்குமே" என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிக் குறையாது. ஆறாம் ஆண்டு முதல் கட்டுவது வட்டி மட்டுமே. முதல் தொகையில் ஒரு பவுண்ட்கூட அதனால் கழியாது.

வட்டி 1.75 விழுக்காட்டில் தொடங்குகிறது. இது வாங்கிய கடன் தொகையின் மீது கணக்கிடப்படும். இன்றைய மதிப்பின் மீது அல்ல. 50,000 பவுண்ட் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி 875 பவுண்ட், மாதத்திற்கு ஏறக்குறைய 73 பவுண்ட். பிறகு ஒவ்வோர் ஆண்டும் வட்டி விகிதம் உயரும். 2021க்கு முந்திய கடன்களுக்குச் சில்லறை விலைக் குறியீட்டின் உயர்வோடு 1 விழுக்காடும், 2021 முதல் 2023 வரையிலான கடன்களுக்குப் பயனீட்டாளர் விலைக் குறியீட்டின் உயர்வோடு 2 விழுக்காடும் சேர்த்து அந்த உயர்வு கணக்கிடப்படும்.

அந்த உயர்வை 1.75 உடன் அப்படியே கூட்டிவிடக் கூடாது. உயர்வு 6 விழுக்காடு என்றால், 1.75 என்பது 6 விழுக்காடு கூடி 1.855 ஆகும், 7.75 ஆகாது. கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு பயந்து, கைப்பணத்தை எல்லாம் திரட்டி அவசரமாக அடைக்கத் தேவையில்லை. அதே வேளையில், விலை ஏறும் பகுதியில் உள்ள வீடு என்றால் ஆண்டுகள் போகப் போக அடைக்க வேண்டிய தொகையும் ஏறும் என்பதை மறந்துவிடக் கூடாது.

யாருடைய மதிப்பீடு செல்லும்?

கடனைக் கொடுத்தது 'ஹோம்ஸ் இங்கிலாந்து' என்ற அரசாங்க அமைப்பு. அதன் சார்பில் ஒரு நிர்வாக நிறுவனம் கணக்குகளைக் கவனிக்கிறது. அவர்கள் ஏற்றுக்கொள்வது 'ஆர்ஐசிஎஸ்' எனப்படும் பட்டய நில அளவையாளர் கழகத்தில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையை மட்டுமே.

வீடு விற்கும் முகவர் இலவசமாகச் சொல்லும் விலை செல்லாது. இணையத்தளம் காட்டும் உத்தேச விலை செல்லாது. மறு அடமானத்திற்காக வங்கி தனக்காகச் செய்துகொள்ளும் மதிப்பீடும் இதற்குப் பதிலாகாது. மதிப்பீட்டாளர் சுதந்திரமானவராக இருக்க வேண்டும்: வீட்டுக்காரரின் உறவினராகவோ அறிமுகமானவராகவோ இருக்கக் கூடாது, வீட்டு முகவரிடம் வேலை செய்பவராகவும் இருக்கக் கூடாது.

அவருக்கான கட்டணத்தை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பது நல்லது. கேட்கும்போதே "அரசாங்கப் பங்குக் கடனை அடைக்க" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் வேறு வகை அறிக்கை வந்து, கட்டிய பணம் வீணாகக்கூடும்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை

மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் வந்து, எல்லா அறைகளையும் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். அறிக்கை அவருடைய நிறுவனத்தின் கடிதத்தாளில், கையெழுத்துடனும் தேதியுடனும் இருக்க வேண்டும். அருகில் 2 மைல் சுற்றளவில் விற்ற, அதே வகையைச் சேர்ந்த குறைந்தது 3 வீடுகளை ஒப்பிட்டு, அவற்றின் விற்பனை விலையைக் காட்ட வேண்டும். மதிப்பு ஒரே தொகையாக இருக்க வேண்டும். "இதிலிருந்து இது வரை" என்று எழுதுவது உதவாது. அறிக்கையை யார் பெயருக்கு எழுத வேண்டும் என்பது நிர்வாக நிறுவனத்தின் வழிகாட்டிக் கையேட்டில் இருக்கும். அதை மதிப்பீட்டாளருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாம்.

அனுமதி பெற்று வீட்டை நீட்டிக் கட்டியிருந்தால், அதையும் ஆவணங்களோடு முதலிலேயே தெரிவிக்க வேண்டும். சொந்தப் பணத்தில் கட்டிய பகுதி மதிப்பில் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நிர்வாக நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

மதிப்பு கூடுதலாகத் தெரிந்தால்

வீட்டை விற்கும்போது கூடுதல் மதிப்பு மகிழ்ச்சி தரும். கடனை அடைக்கும்போது அதே கூடுதல் மதிப்பு சுமையாகிறது. அதற்காக மதிப்பைக் குறைத்து எழுதும்படி மதிப்பீட்டாளரைக் கேட்பது முறையாகாது. அவரும் தம் தொழில் உரிமத்தைப் பணயம் வைத்து அதைச் செய்யமாட்டார்.

செய்யக்கூடிய நேர்மையான வேலை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் வீடுகள் விற்ற விலையை நிலப் பதிவகம் பொதுமக்களுக்கு இலவசமாக வெளியிடுகிறது. அதே தெருவில், அதே அளவுள்ள வீடுகள் அண்மையில் என்ன விலைக்குப் போயின என்பதை எடுத்து வைத்துக்கொண்டு, மதிப்பீட்டாளரிடம் கொடுக்கலாம். புத்தம் புதிய வீட்டுக்கென்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள். குடியிருந்த வீடாக விற்கும்போது அந்தக் கூடுதல் கிடைக்காமல் போகலாம். பக்கத்து வீடுகளின் மறுவிற்பனை விலை அதைக் காட்டும். அறிக்கையில் அளவோ அறைகளின் எண்ணிக்கையோ தவறாக இருந்தால், உடனே திருத்தக் கேட்கலாம்.

மாடி வீடுகளுக்குத் தனிக் கவனம்

2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தில் தீ பரவிய பிறகு, அடுக்குமாடிகளின் வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகள் கடுமையாகக் கவனிக்கப்படுகின்றன. வெளிச்சுவர் பற்றிய 'இடபிள்யூஎஸ்1' படிவத்தை மதிப்பீட்டாளரோ வங்கியோ கேட்கலாம். மாடி வீட்டில் இருப்பவர்கள், மதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன்பே கட்டட நிர்வாகத்திடம் அந்தப் படிவம் இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. இல்லையென்றால் அது வருவதற்குள் மதிப்பீட்டின் கெடு முடிந்துவிடலாம்.

மூன்று மாதக் கெடு

மதிப்பீட்டு அறிக்கை 3 மாதங்களுக்கு மட்டுமே செல்லும். அதற்குள் விண்ணப்பம், வங்கி ஒப்புதல், வழக்கறிஞர் வேலை, பணப் பட்டுவாடா எல்லாம் முடிய வேண்டும். கெடு தாண்டினால் அதே மதிப்பீட்டாளரிடம் நீட்டிப்புக் கடிதம் கேட்க வேண்டியிருக்கும் அல்லது புது அறிக்கைக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டியிருக்கும். புது அறிக்கையில் மதிப்பு கூடியிருந்தால், தாமதத்துக்கான விலை ஆயிரக்கணக்கான பவுண்டாகவும் இருக்கலாம்.

ஆகவே வேலைகளின் வரிசை முக்கியம். முதலில் வங்கியிடமோ அடமான ஆலோசகரிடமோ எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்டு வைப்பது. அடுத்து, இந்த வகைக் கடனை அடைத்துப் பழக்கமுள்ள வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது. குடும்பத்திலிருந்து பணம் வருவதானால் அதற்கான ஆவணங்களைச் சேர்ப்பது. இவை முடிந்த பிறகுதான் மதிப்பீட்டாளரை அழைக்க வேண்டும். முதலில் மதிப்பீடு, பிறகு மற்றவை என்று போகிறவர்களுக்குத்தான் 3 மாதம் போதாமல் போகிறது.

மதிப்பீட்டுக் கட்டணத்தோடு செலவு முடியாது. நிர்வாக நிறுவனத்திற்கு 200 பவுண்ட் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், மறு அடமானம் என்றால் வங்கிக் கட்டணம் ஆகியவையும் சேரும். இருக்கும் அடமானத்தின் நிலை வட்டிக் காலம் முடியுமுன் மாற்றினால் அபராதமும் வரலாம்.

பகுதியாக அடைப்பதா, விற்பதா?

முழுத் தொகையும் கையில் இல்லாதவர்கள் ஒரு பகுதியை அடைக்கலாம். ஆனால் நினைத்த தொகையைக் கட்ட முடியாது. குறைந்தபட்ச அளவு வீட்டு மதிப்பின் விழுக்காடாக வைக்கப்பட்டுள்ளது. தொடக்க ஒப்பந்தங்களில் அது 10 விழுக்காடு. இப்போது தமக்குப் பொருந்தும் அளவை நிர்வாக நிறுவனத்திடம் உறுதிசெய்ய வேண்டும். 300,000 பவுண்ட் வீட்டில் 10 விழுக்காடு அடைக்க 30,000 பவுண்ட் வேண்டும். மீதி 10 விழுக்காடு அப்படியே நிற்கும். நாளை வீடு 320,000 பவுண்ட் ஆனால், அந்த மீதி 32,000 பவுண்டாகும். அதை அடைக்கும்போது மதிப்பீடும் கட்டணங்களும் மறுபடியும் முதலிலிருந்து வரும்.

வீட்டை விற்பவர்களுக்கு வேறொரு விதி. விற்பனை விலை, மதிப்பீட்டாளர் சொன்ன மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடுதலோ, அதில்தான் அரசாங்கத்தின் விழுக்காடு எடுக்கப்படும். தெரிந்தவருக்குக் குறைந்த விலையில் கொடுத்துக் கடனைக் குறைக்க வழியில்லை.

இங்கிருந்து பணம் போவதானால்

தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதியாக இருந்தாலும், நகரில் கடை நடத்திச் சேர்த்ததாக இருந்தாலும், அங்குள்ள வழக்கறிஞர் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, கள்ளப்பணத் தடுப்புச் சட்டப்படி அவர் கேட்டாக வேண்டும். சேமநிதி அறிக்கை, வங்கிக் கணக்கு அறிக்கை, நிலம் விற்ற பத்திரம், அனுப்புகிறவரின் அடையாள ஆவணம் ஆகியவை தயாராக இருக்க வேண்டும். பல உறவினர்களிடமிருந்து சிறு சிறு தொகையாக அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் இந்த ஆவணங்கள் தேவைப்படலாம். ஒரே கணக்கிலிருந்து போவது வேலையை எளிதாக்கும்.

வங்கி ஒரு நன்கொடைக் கடிதத்தையும் கேட்கலாம். "இந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்குப் பங்கு இல்லை" என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கும் கடிதம் அது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற காகிதம் அல்ல. கையெழுத்திட்ட பிறகு, "கடனாகத்தான் கொடுத்தேன்" என்று சொல்ல இடமிருக்காது. மற்ற பிள்ளைகளுக்கும் அந்தச் சேமிப்பில் எதிர்பார்ப்பு இருந்தால், அதைக் கையெழுத்துக்கு முன்னால் குடும்பத்தில் பேசி முடிப்பதே உறவுக்கு நல்லது.

55 வயதைத் தாண்டியவர்கள் மலேசிய ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்க முடியும். ஆனால் எடுத்த பணத்திற்கு லாப ஈவு நின்றுவிடும். அறிக்கை வந்து, பிள்ளையின் வங்கி எவ்வளவு கொடுக்கிறது என்று தெரிந்த பிறகு, குறையும் தொகையை மட்டும் எடுத்தால் போதும். மருத்துவச் செலவுக்கும் முதுமைக்கும் வேண்டியதை ஒதுக்கிவிட்டு மீதியைப் பார்ப்பதுதான் முறை. பிள்ளைக்கு மாத வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்கும் வழியும் இருக்கிறது. பெற்றோர் தீர்ந்துபோன சேமநிதியை மறுபடியும் சேர்க்க முடியாது.

பணம் சேர்ந்து கணக்கு முடிந்தபின் ஒரு வேலை மிச்சம் இருக்கும். வீட்டின் மீது அரசாங்கம் பதிந்து வைத்த இரண்டாம் அடமானம் நிலப் பதிவகத்திலிருந்து நீக்கப்பட வேண்டும். வழக்கறிஞர் அதைச் செய்துவிட்டாரா என்று பதிவேட்டின் புதிய நகலை வாங்கிப் பார்த்தால்தான் கடன் உண்மையில் தீர்ந்தது.