கோபாலின் கடன்: ‘போபோய்போய்’ தொடரில் விதியும் விலக்கும்

கதையில் ஓட்டை என்று பொதுவாகச் சுட்டப்படுவது ஒரே குற்றமன்று. நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்குகையில் மாறுகொளக் கூறலையும் குன்றக் கூறலையும் தனித்தனியே வைத்தார். முன் சொன்னதோடு பின் சொன்னது முரண்படுவது ஒன்று. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது மற்றொன்று. இலக்கணத்துக்கு வகுத்ததைச் சிறுவர் தொடருக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். ஆனால் சூப்பர் ஹீரோ கதையும் ஒருவகை விதிநூல்தான்: இன்னாருக்கு இன்ன ஆற்றல், அதற்கு இன்ன எல்லை. மலேசியாவின் ஷா ஆலாமில் உருவான ‘உப்பின் இப்பின்’ தொடரில் பணியாற்றியவர்கள் 2009இல் தொடங்கிய அனிமோன்ஸ்தா நிறுவனம், 2011இல் டிவி3 வழியாக அளித்த ‘போபோய்போய்’ இதற்கு நல்ல சான்று. அதன் ஓட்டைகள் கதை முழுவதும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. நாயகனைச் சுற்றி விதி இறுக்கமாக இருக்கிறது. நகைச்சுவைத் துணையைச் சுற்றித்தான் அது நெகிழ்கிறது.

நாயகன் போபோய்போய் மூன்று உருவாகப் பிரியலாம். நெடுநேரம் பிரிந்திருந்தால் மறதி வரும். அந்த மறதியையே வில்லன் அடு டு தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளப் பார்க்கிறான். ஆற்றலுக்கு விலையுண்டு, அந்த விலையே கதையை நகர்த்துகிறது. பொருள்களை உணவாக்கும் அவன் நண்பன் கோபாலோ, போபோய்போயின் தாத்தா தோக் அபாவின் கோக்கோ கடையில் ஓயாத கடன்காரன். கல்லைத் தின்பண்டமாக்க வல்லவன் ஒரு குவளை சூடான சாக்லேட்டுக்கு ஏன் கடன் சொல்ல வேண்டும்? இது முரண்பாடு அன்று. அவனால் அதைச் செய்ய முடியாதென்று யாரும் சொல்லவில்லை. குன்றக் கூறலே இது. நாயகனின் மறதியைப் போலக் கதையைத் திருப்பும் விலையொன்றை அவன் ஆற்றலுக்கு வைத்திருந்தால் கேள்வியே எழுந்திராது.

சிரிப்புக்காக வைத்ததில் தர்க்கம் தேடலாமா என்பது வலுவான மறுப்பு. அதற்கு அதே தொடர் விடை தருகிறது. தோழி யாயா செய்யும், வாயில் வைக்க முடியாத பிஸ்கட்டும் ஓயாத நகைச்சுவைதான். ஆனால் அது அவளுடைய ஈர்ப்பு விசை ஆற்றலோடு எங்கும் மோதுவதில்லை. கோபாலின் கடன் மட்டுமே அவன் ஆற்றலை நேருக்குநேர் கேள்விக்குள்ளாக்குகிறது. நண்பர் குழுவின் ஒரே இந்தியச் சிறுவன் அவன் என்பதால், பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இத்தொடரை மலாயிலேயே பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்றத்தாழ்வு வெறும் கதைநுட்பச் சிக்கலாக நிற்காது. தயாரிப்பாளர்கள் இனநோக்கோடு செய்தார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஏனெனில் ஓச்சோபோட்டிடமும் இதே நெகிழ்வைக் காண்கிறோம். கடையில் ஏவல் செய்துவந்த அந்த ரோபோவுக்கு இடம்பெயர்க்கும் ஆற்றல் உண்டென்பது 2016 மார்ச்சில் வந்த திரைப்படத்தில்தான் கதையின் மையமாகிறது. துணைப் பாத்திரங்களின் கணக்கைக் கதை தேவைப்படும்போதுதான் எழுதுகிறது. கோபாலின் ஆற்றலும் பிற்பாடு மூலக்கூறு மாற்றம் என்ற பெயரோடு உணவைத் தாண்டி விரிந்தது. ஓட்டையை அடைக்கும் முயற்சியாகவே அதைக் கொள்ளலாம். ஆனால் கூடியது திறன்தான், கேட்கப்பட்ட எல்லை அன்று.