பந்தியில் யாருக்கு எந்த இடம்?

நம் ஊரில் ஒரு விருந்துக்கு இடம் பிரித்த கதை எழுத்தில் ஏறி ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆகின்றன. எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில், 1745 நவம்பரில் உழவர்கரையில் நடந்த ஒரு விருந்தின் விவரம் இருக்கிறது. விருந்து கொடுத்தவர் அப்போது தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார். காலமான தம் மகன் நினைவாக அவர் கட்டிய மாதா கோயிலின் விழா அது.

கல்யாண விருந்து அல்லதான். ஆனாலும் கல்யாண வீட்டுக்காரர் படும் பாடு முழுவதும் முதலியாருக்கு இருந்திருக்கும். பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள், தட்டார், நெசவாளர், எண்ணெய் வாணிபர் என்று எல்லோரையும் அழைத்திருக்கிறார். ஒவ்வொரு சாதியின் ஆசாரத்துக்கும் ஏற்பத் தனித்தனியாகச் சமையலுக்கு ஏற்பாடு. பிராமணர்களுக்குப் பிராமணச் சமையல்காரர்கள். வெள்ளைக்காரர்களுக்குப் புதுவையில் சமைத்து உழவர்கரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட மேசைகளும் தேடிப் போட்டிருக்கிறார்கள். கவர்னர் டூப்ளெக்ஸ் மனைவியோடு வந்து சாப்பிட்டு, மாலை ஐந்து மணி வரை இருந்தார். விருந்து ஒன்று, பந்திகள் பல. ஒருவர் இலையை இன்னொருவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அதே 1745-இல் நம் சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், தாழ்த்தப்பட்டவர்கள் முறையிட்டபின் பாதிரியார் அதை இடிக்கச் செய்ததையும், அதனால் ஊரில் எழுந்த சண்டையையும் அதே நாட்குறிப்பு சொல்கிறது. எங்கே உட்காருவது என்பது அன்றைக்குச் சௌகரியம் பற்றிய பேச்சு அல்ல, மானம் பற்றிய பேச்சு. கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், யார் பல்லக்கில் ஏறலாம் என்பதற்கெல்லாம் வலங்கை இடங்கைச் சண்டைகள் நடந்த காலம். இப்படிப்பட்ட வழக்காறுகளில் கருத்துக் கேட்கவே பிரெஞ்சு அரசு 1827-இல் இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது.

பிரெஞ்சு மேசை தமிழ் வீட்டுக்குள் வந்தது பிறகுதான். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்களும், பின்னாளில் சொல்தாக்களின் குடும்பங்களும் மேரியில் கல்யாணம் எழுதி, மேசை போட்டு விருந்து வைத்தார்கள். பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்த எங்களுக்கு அந்த மேசையின் இலக்கணம் ஓரளவு தெரியும். வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் நீள மேசையின் நடுவில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். இங்கிலீஷ்காரர்கள் போல மேசையின் இரண்டு முனைகளில் அல்ல. வீட்டுக்காரரின் வலப்பக்கம் மிகுந்த மரியாதைக்குரிய பெண்மணி, வீட்டுக்காரியின் வலப்பக்கம் மிகுந்த மரியாதைக்குரிய ஆண். நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக மரியாதை குறையும். புருஷனையும் பெண்சாதியையும் சேர்த்து உட்கார வைக்க மாட்டார்கள். பதின்மூன்று பேர் ஒரு மேசையில் கூடாது.

நம் பந்தியின் இலக்கணம் வேறு. பாயோ ஜமுக்காளமோ விரித்து உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே உயரம். நுனி இலை எல்லோருக்கும் இடப்பக்கம்தான். அங்கே மரியாதை இடத்தில் இல்லை, நேரத்தில் இருந்தது. முதல் பந்தியில் யார், முதல் தாம்பூலம் யாருக்கு என்பதுதான் கேள்வி. சம்பந்திகள் முதல் பந்தி, ஊர்ப் பெரியவர்கள் முதல் பந்தி. மேளக்காரர், நாவிதர், வண்ணார், பாத்திரம் தேய்த்தவர்கள் கடைசியில், கொல்லைப்புறத்தில். சமபந்தி என்ற ஒரு சொல்லுக்காக எவ்வளவு போராட வேண்டியிருந்தது! 1910 முதல் பத்தாண்டு நம் புதுவையில் தங்கியிருந்த வ.வே.சு. ஐயர் பின்னர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தியபோது, பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே சாப்பாடு போட்டதில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டது. 1925-இல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தப் பழைய கணக்கெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது, தம்பி மகள் கல்யாண வரவேற்பின்போது. மாப்பிள்ளை வீடு பிரான்சில். அவர்கள் 'பிளான் த தாபிள்' வேண்டும் என்றார்கள். 240 பேர், 24 மேசைகள், மேசைக்குப் பத்து நாற்காலி. ஆபீசில் முப்பது வருஷம் பதிவேடு எழுதிய கை ஆயிற்றே, பொறுப்பு என் தலையில் விழுந்தது. பேசாத பங்காளிகளை எதிரெதிர் மூலையில் போட்டேன். காது கேட்காதவர்களை ஒலிபெருக்கிக்குத் தூரமாகப் போட்டேன். முட்டி வலிக்காரர்களுக்குக் கழிவறைப் பக்கம்.

முதல் மேசையில் தம்பிக்கு வலப்பக்கம் எங்கள் மூத்த அக்காள் பெயரை எழுதினேன். பெண்ணைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். பட்டியலைப் பார்த்த உறவினர் ஒருவர், “மேடைக்கு நேர் எதிரிலா?” என்று மெதுவாகக் கேட்டார். மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்காளே, “வேண்டாம் தம்பி, எனக்கு ஓரமா ஒரு நாற்காலி போதும்” என்றார். பெண் மட்டும், “பெரியப்பா, யார் பேரை வேணும்னாலும் மாத்துங்க, அத்தை பேரை மாத்தாதீங்க” என்றாள். மாற்றவில்லை. அக்காள் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த உறவினர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

சாதிக்கொரு சமையல் போய்விட்டது, கோயில் சுவர் போய்விட்டது. ஆனால் கைம்பெண்ணுக்கு ஓரம் என்பதை யாரும் எங்கும் எழுதி வைக்காததால், அதை இடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமலே போய்விட்டது. பாயில் பந்தி நடந்தபோது அவர்கள் தாங்களாகவே சமையற்கட்டில் இருந்துகொள்வார்கள். நாம் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்துவிடுவோம். மேசைப் பட்டியலில் அப்படி முடியாது. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் போட்டே ஆக வேண்டும். வெள்ளைக்காரன் பழக்கத்தில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் பட்டியல் போடுகிறவர்களுக்கு இரண்டு யோசனை. மேசைக்கு ஒரு நாற்காலி காலியாக விடுங்கள். சொல்லாமல் வருகிறவர்கள் நம் ஊரில் கட்டாயம் உண்டு. இன்னொன்று, முதல் மேசையை எழுதுவதற்குமுன், கல்யாண வேலைகளில் யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.