பழைய வண்டியும் புதிய விசையும்

மோட்டார் வண்டியின் வரலாற்றிலே விந்தையான முரண்பாடு ஒன்றுண்டு. 1900ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நகரங்களில் மின்சார வண்டிகள் பல ஓடின. பெற்றோல் வண்டியைக் கிளப்புவதற்குக் கைப்பிடியைச் சுழற்றிப் பெரும்பாடுபட வேண்டியிருந்தமை அதற்கு ஒரு காரணம். 1912இல் கடிலாக் வண்டியில் இடம்பெற்ற மின்தொடக்கி அத்தொல்லையை நீக்கிற்று. சிறியதொரு மின்மோட்டாரே பெற்றோல் எஞ்சினின் வெற்றிக்குத் துணைசெய்தது. மின்சார வண்டி மெல்ல மறைந்தது.

அரை நூற்றாண்டின் பின், அதனை மீட்க முனைந்தவருள் ஒருவர் வொலி றிப்பெல் என்னும் மாணவர். கலிபோர்ணியாத் தொழினுட்ப நிறுவகத்தில் கற்ற அவர், லொஸ் ஏஞ்சல்ஸ் நகர்மீது கவிந்த புகைமூட்டத்தைக் கண்டு கவன்றார். 1958ஆம் ஆண்டின் வொல்ஸ்வாகன் சிற்றுந்து ஒன்றை மின்வண்டியாக மாற்றினார்.

இத்தகைய மாற்றத்தின் முறை விளங்குதற்கு அரியதன்று. எஞ்சின், எரிபொருட்டாங்கி, புகைபோக்கி ஆகியன அகற்றப்படும். கியர்ப்பெட்டி பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். அதனோடு மோட்டாரை இணைத்தற்கு அளவாகக் கடைந்த தகடொன்று வேண்டும். ஆயின் மின்கலங்களை வைத்த பின்னரே உண்மையான சோதனை தொடங்குகின்றது. ஈயக்கலங்களின் பாரம் மிகுதி. அவை சேமிக்கும் ஆற்றலோ குறைவு. வண்டியின் வில்லுகளும் பிறேக்கும் அப்பாரத்திற்கு ஈடுகொடுத்தல் வேண்டும்.

தம் வண்டியின் திறனை உலகறியச் செய்ய விரும்பிய றிப்பெல், மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவக மாணவரைப் போட்டிக்கு அழைத்தார். 1968 ஓகஸ்ற் 26ஆந் திகதி இரு வண்டிகளும் எதிரெதிர்த் திசையிற் புறப்பட்டன: ஒன்று பசடேனாவிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு, மற்றையது அங்கிருந்து பசடேனாவுக்கு. ஏறத்தாழ 3,300 மைல் வழியில் 54 மின்னேற்று நிலையங்கள் அமைக்கப்பட்டிருந்தன. மாசசூசெற்ஸ் மாணவர் கொர்வெயர் வண்டியொன்றில் விலையுயர்ந்த நிக்கல்-கட்மியக் கலங்களைப் பொருத்தியிருந்தனர். மின்னேற்றும்போது அவை கொதிப்புற்றமையாற் பனிக்கட்டியிட்டுக் குளிர்விக்க நேர்ந்தது. அவ்வண்டியே இலக்கை முந்தி அடைந்தது. எனினும், இழுத்துச் செல்லப்பட்டமைக்கான தண்டநேரத்தைக் கூட்டியபோது, பழைய சிற்றுந்து ஏறத்தாழ அரைமணி வேறுபாட்டில் வென்றது.

றிப்பெல் பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஈவி-1 மின்வண்டி உருவாக்கத்திலும் பங்குகொண்டார். இன்று இலேசான இலித்தியம் கலங்கள் வந்துள்ளமையால், பழைய வண்டிகளை வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றுவோர் பலர். அவர்களும் முதலிற் கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை: பாரம் எவ்வளவு? வெப்பம் எங்கே போகும்? மீண்டும் மின்னேற்றுமிடம் எவ்வளவு தூரம்? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே பழைய எஞ்சினைக் கழற்றத் துணிதல் தகும்.